அம்சவள்ளியின் சத்தமில்லாத வண்டி

சத்தம் போடாமல் வருகிற வண்டியை நம்பக் கூடாது என்பது அரியலூர்ப் பக்கத்து மக்கள் அடிபட்டுக் கற்ற பாடம். சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் ஓடுகிற சீமை அது. டீசல் மிச்சம் பிடிக்க நினைக்கும் டிரைவர்கள் இறக்கம் வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை அப்படியே உருட்டிக்கொண்டு வருவார்கள். சில சமயம் பிரேக் பிடிக்காது. ஆகவே எஞ்சின் சத்தமில்லாமல் ஒரு வண்டி இறக்கத்தில் வருகிறது என்றால், பார்த்தவர் யாராக இருந்தாலும் முதலில் பிள்ளைகளை இழுத்து ஓரத்தில் விடுவார். அடுத்து, கைக்குக் கிடைத்த கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு முன்னால் போடுவார்.

அம்சவள்ளி தன் மின்சார வேனை முதன்முதலாகச் சித்தேரிமேட்டுக்கு ஓட்டி வந்த தை மாதக் காலையில், ஏரிக்கரை இறக்கத்தில் நின்றிருந்த ஆண்கள் அவளை அப்படித்தான் கல்லோடு வரவேற்றார்கள்.

"வண்டி ஆஃப் ஆயி வருதுடா! அணை போடு, அணை போடு!"

"குதிச்சிடு புள்ள! அந்தப் பக்கமா குதிச்சிடு!"

பனிக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்ததால் அம்சவள்ளிக்குப் பாதிதான் கேட்டது. தெருவே கூடி நின்று கையாட்டுகிறது என்று நினைத்தாள். நெஞ்சு நிறைந்துபோய் அவளும் கையாட்டினாள். பாவாடை மாமா இரண்டு கைகளாலும் ஒரு பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்த பிறகுதான் பிரேக்கை மிதித்தாள். கல்லுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி பூனை மாதிரி நின்றது.

"பிரேக்கு இருக்கு மாமா," என்றாள் இறங்கி வந்து.

பாவாடை மூச்சு வாங்கினார். "எஞ்சின் அணைஞ்சு போச்சே?"

"அணையல. எஞ்சினே இல்ல."

"எஞ்சின் இல்லாமதான் உடையார்பாளையத்துலேருந்து வந்தியா? அப்ப எது தள்ளிட்டு வருது?"

"கரண்ட்டு."

பாவாடை அண்ணாந்து வண்டியின் கூரையைப் பார்த்தார். பிறகு சாலையோர மின்கம்பத்தைப் பார்த்தார். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஒயரு எங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர்களும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது அம்சவள்ளிக்குத் தெரிந்தது.

அவளுக்கு வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது. பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் சித்தேரிமேட்டின் கிழக்குத் தெருவில்தான். உடையார்பாளையத்துக்குத் தெற்கே, முந்திரிக் காடுகளுக்கு நடுவில் கிடக்கும் ஊர். அப்பா உத்திராபதி, நிலம் வைத்திருந்த ஊர்த் தெருக்காரர்களின் கொல்லைக்காடுகளில் கூலிக்குப் போனவர். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டாரைப் போட்டுவிடுவதும் நிறுத்துவதும் அவர் வேலை. அவருக்குச் சோறு எடுத்துப் போகும் சாக்கில் மகள் மோட்டார்க் கொட்டகையில் உட்கார்ந்துவிடுவாள். வெளியே வெயில் கொதிக்கும். உள்ளே குளிர்ந்த சிமெண்டுத் தரை, ஈர வாசனை, அடியில் எங்கோ தண்ணீர் ஏறி வரும் அதிர்வு. சுவரில் முதுகைச் சாய்த்தால் முதுகுத்தண்டு முழுக்க ஒரு ரீங்காரம் ஓடும். அவள் பலமுறை அப்படியே தூங்கிப்போயிருக்கிறாள்.

அந்த மண்ணைத் தோண்டினால் கடல் கிடைக்கும். ஓடை அரித்த இடங்களில் கல்லாகிப்போன சிப்பியும் சங்கும் தலை நீட்டிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் ஒருநாள், இந்த ஊரெல்லாம் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது என்று பாடம் நடந்தது. மற்ற பிள்ளைகள் அதைப் பரீட்சைக்குப் படித்தார்கள். அம்சவள்ளி நம்பினாள். அன்றிலிருந்து முந்திரிக் காட்டு வழியாக நடக்கும்போதெல்லாம் தலைக்கு மேல் தண்ணீர் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றியது. இலைகளின் ஊடாக விழும் வெயில் அலையடித்தது. மயில் தாழப் பறந்து போனால் பெரிய மீன் ஒன்று போவதாக நினைத்துக்கொள்வாள். அப்போதுதான் மெயின் ரோட்டில் ஒரு கல் லாரி உறுமும். கடல் ஒரே நொடியில் வற்றிப்போகும்.

மீனுக்கு எஞ்சின் சத்தம் ஏது? ஒரு வண்டி ஏன் அப்படிப் போகக் கூடாது? ஒன்பது வயசுப் பெண்ணின் கேள்வி அது. அவள் அதை யாரிடமும் கேட்கவில்லை. பதில் கிடைக்காது என்பதால் அல்ல. கேட்டால் சிரிப்பார்கள் என்பதால்.

பெரம்பலூரில் ஐ.டி.ஐ. படித்தாள். பிறகு ஜெயங்கொண்டத்தில் காசிநாதன் என்பவருடைய மோட்டார் வைண்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வோல்டேஜ் குறைந்த ஊர்களில் மோட்டார்கள் புகைந்துகொண்டே இருக்கும். கடைக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. கருகிய கம்பிச் சுருளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புதுச் செப்புக் கம்பியைச் சுற்றி, மோட்டாரின் இரும்புப் பள்ளங்களில் இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காய வைக்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரியான வேலை. அம்சவள்ளிக்கு மட்டும் அது பூத்தொடுப்பது போல ஒரு மயக்கத்தைத் தந்தது. கை தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். மனசு முந்திரிக் காட்டில் நீந்திக்கொண்டிருக்கும்.

"ஏ அம்சவள்ளி, முழிச்சிருக்கியா?" என்பார் காசிநாதன்.

"முழிச்சிருக்கேங்க."

"அப்பறம் ஏன் மூஞ்சி பெங்களூருக்குப் போயிட்ட மாரி இருக்கு?"

அந்தக் கடைக்குத்தான் வீரமணி தன் லாரியின் ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனுக்கும் அவளுக்கும் ஒரே தெரு, ஆனால் அதுவரை பேசியதில்லை. வந்த காரியம் முடிந்த பிறகும் எதையாவது தூக்கிக்கொண்டு வந்தான். லாரியில் அந்த வருஷம் கெட்டுப்போகாத சாமானே இல்லை என்று காசிநாதன் கிண்டல் செய்தார். அவர்களுக்குக் கல்யாணம் ஆயிற்று.

வீரமணிக்கு டீசல்தான் உயிர். எஞ்சின் சத்தத்தை வைத்தே வண்டியின் உடம்பு எப்படி என்று சொல்லிவிடுவான். கல் லாரி அவன் முதுகெலும்பை ஆட்டி எடுத்த பிறகு, பழைய பயணிகள் வேன் ஒன்றை வாங்கி ஜெயங்கொண்டத்துக்கும் உடையார்பாளையத்துக்கும் ஷேர் டிரிப் அடித்தான். ஒரு மழைக்காலத்தில் அதன் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. எஞ்சினைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பினான். பட்டறைக்காரர் இன்றைக்கு, நாளைக்கு என்று மாதங்களைத் தள்ளினார். எஞ்சின் இல்லாத வேன் வாசலில் வயிறு திறந்து கிடந்தது.

அம்சவள்ளி தினமும் அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். ஒருநாள் இஞ்சி டேப்பை எடுத்து வந்து அளந்தாள்.

திருச்சியில் பழைய பேட்டரி ஆட்டோக்களை உடைத்து விற்கும் ஒரு இடம் இருந்தது. அங்கே போய் ஒரு மோட்டாரைப் பொறுக்கி வந்தாள். அதைப் பிரித்துத் தன் கையால் மறுபடி சுற்றினாள். முதல் தடவை சுற்றியது ஓட விட்ட அன்றே கருகிவிட்டது. தெரு முழுக்க வார்னிஷ் நாற்றம். "என்னா, வடை போட்டியா?" என்று கேட்டபடி வீரமணி உள்ளே வந்தான். அவள் சிரிக்கவில்லை. மறுபடியும் பிரித்தாள். இரண்டாவது ஓடியது. அதன் பிறகு வேனை உடையார்பாளையத்துக்கு இழுத்துப் போய் நிறுத்தி, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அனுமதி வாங்க ஒரு வருஷம் போயிற்று. கடைசியில் மின்சார வண்டிக்கு உரிய, மஞ்சள் எழுத்து போட்ட பச்சை நம்பர் பலகை வந்து சேர்ந்தது.

அதே வாரம் பட்டறையிலிருந்து டீசல் எஞ்சினும் புதுசு போலத் திரும்பி வந்தது.

ஒரே உடம்புக்கு இரண்டு உயிர். வீரமணி எஞ்சினை வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாயில் சுற்றி வைத்துவிட்டு மனைவியிடம் வந்தான். கோபமாகப் பேசவில்லை. அதனாலேயே அவளுக்குப் பயமாக இருந்தது.

"அம்சா, ஒன் ஆசைக்கு ஓட்டு. நான் குறுக்க நிக்கல. ஆனா வண்டில ஆளு உக்காந்தாதான் அது வண்டி. மாசியில திருவிழாவுக்குக் காப்புக் கட்டிட்டா ஊர்ல யாரும் வெளியூர் போவ மாட்டாங்க. வண்டி சும்மாதான் நிக்கும். அதுக்குள்ள வண்டி நெறைஞ்சிடுச்சின்னா ஒன் மோட்டார் இருக்கட்டும். நெறையலன்னா, அந்த வாரமே என் எஞ்சினை ஏத்திடுவேன். சரியா?"

"கரண்ட்டு மோட்டார என்ன செய்வீங்க?"

"கெணத்துல எறக்கிக்கலாம்."

"இது கெணத்து மோட்டார் இல்ல."

"நீ சொன்னா அதுவும் தண்ணி எறைக்கும்," என்றான் வீரமணி. பேச்சு அத்தோடு முடிந்தது.

கிழக்குத் தெருப் பெண்கள் முதல் நாளே ஏறிவிட்டார்கள். அதற்குக் காரணம் மின்சாரத்தின் மீதான அன்பு அல்ல. மினி பஸ் ஊர்த் தெரு முனையில் உள்ள பிள்ளையார் கோயிலோடு திரும்பிவிடும். கிழக்குத் தெருவுக்குள் அது வந்ததே இல்லை. தெரு குறுகல், திருப்ப இடமில்லை என்பார்கள். தண்ணீர் லாரி வந்து திரும்பிப் போகிற தெரு அது. ஆக, வீட்டு வாசலிலிருந்து ஏறிக்கொள்ளலாம் என்பதே அவர்களுக்குப் பெரிய அதிசயம்.

முந்திரி உடைக்கப் போகிறவர்கள், ஜெயங்கொண்டம் துணிக்கடையில் வேலை பார்க்கும் பாப்பாத்தி, கீரைக் கூடையோடு குஞ்சம்மாள். ஏறி உட்கார்ந்தவர்கள் வண்டி கிளம்பக் காத்திருந்தார்கள். வண்டி கிளம்பி ஏரிக்கரையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"எப்ப எடுப்ப?" என்றாள் குஞ்சம்மாள்.

"எடுத்தாச்சு அத்தை. வெளிய பாருங்க."

குஞ்சம்மாள் வெளியே பார்த்தாள். முந்திரிக் காடு தன்னால் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. பூ விட்டிருந்த காலம். இனிப்பும் கசப்புமான அந்த வாசனை ஜன்னல் வழியே வந்து எல்லோர் மடியிலும் உட்கார்ந்தது. சாலையில் மேய்ந்துகொண்டிருந்த மயில்கள் வண்டி பக்கத்தில் வந்தும் விலகவில்லை. அம்சவள்ளி நிறுத்தி, அவை போகட்டும் என்று காத்திருந்தாள்.

"என்னாடி இது, கருவறைக்குள்ள உக்காந்த மாரி இருக்கு," என்று குஞ்சம்மாள் கிசுகிசுத்தாள். அது கடைசி சீட்டு வரைக்கும் கேட்டது.

அப்போதுதான் அவர்களுக்கு ஒன்று புரிந்தது. மினி பஸ்ஸில் பாட்டு, எஞ்சின், விசில் எல்லாவற்றுக்கும் மேலே கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்கும். கத்திச் சொல்லக் கூடியதை மட்டுமே ஒருத்தியிடம் ஒருத்தி சொல்ல முடியும். விலைவாசி, வெயில், யார் வீட்டில் என்ன குழம்பு. இங்கே மெதுவாகப் பேசலாம். மெதுவாகச் சொல்ல வேண்டியவை ஒவ்வொருத்தியிடமும் நிறையச் சேர்ந்திருந்தன. பாப்பாத்தி துணிக்கடையில் ஒருத்தன் தினமும் வந்து சட்டை பார்ப்பதையும், ஒன்றும் வாங்காமல் போவதையும் சொன்னாள். "நீ வெல சீட்டை ஒன் நெத்தில ஒட்டிக்க," என்று குஞ்சம்மாள் யோசனை சொன்னாள். வண்டி குலுங்கச் சிரித்தார்கள். அம்சவள்ளி முன்னால் உட்கார்ந்து ஓட்டினாள். பின்னால் ஓடும் பேச்சு நீருக்கு அடியில் கேட்கும் பேச்சு மாதிரி அவள் காதில் விழுந்தது.

ஆனால் கிழக்குத் தெருவை மட்டும் வைத்து வண்டி நிறையாது. பாதி இருக்கைகள் ஊர்த் தெருவுக்காகக் காலியாகவே போய் வந்தன.

ஊர்த் தெருவில் அவள் முதலில் ஹாரன் அடித்துப் பார்த்தாள். இரண்டாம் நாளே தமிழழகன் வாசலுக்கு வந்தார். தெருவில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவர்.

"இந்தாம்மா, வெள்ளன வந்து வூட்டு வாசல்ல ஆரன் அடிக்கிற. கோயில் இருக்கு, படிக்கிற புள்ளைங்க இருக்கு. அடிக்காம போ."

அடிக்காமல் போனாள். அதன் பிறகு வண்டி ஊர்த் தெருவில் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. யாரையாவது டவுனில் பார்த்துக் கேட்டால், எல்லோரும் நல்ல முகத்தோடு ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"வரலாம்னுதான் இருந்தோம் அம்சவள்ளி. சத்தமே கேக்கலையே. மினி பஸ்ஸுன்னா பாட்டுச் சத்தம் கேக்கும், ஓடியாந்துடுவோம்."

அது உண்மையா, சாக்கா? அம்சவள்ளிக்குத் தெரியவில்லை. உண்மையாக இருக்கட்டும் என்று சில நாள் விரும்பினாள். சாக்காகவே இருக்கட்டும், அப்போது வருத்தப்படாமல் கோபப்படலாம் என்று சில நாள் விரும்பினாள். வீரமணி ஒரு ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை விலக்கி எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஸ்பீக்கர் வச்சுப் பாட்டுப் போடேன்," என்றான் நிமிராமல்.

"பாட்டுப் போட்டா அவங்க பேச முடியாது."

"யாரு?"

"உள்ள இருக்கறவங்க."

"வெளிய இருக்கறவங்க ஏறுனாதான புள்ள, உள்ள இருக்கறவங்க?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் அவளைத் தூங்க விடவில்லை.

கிழக்குத் தெருவிலும் சத்தமில்லாதது ஒரு சிக்கல்தான். வண்டி வந்து நிற்பது தெரியாமல் ஆளுக்கொரு வேலையாக உள்ளே இருப்பார்கள். அதற்குக் குஞ்சம்மாள் ஒரு வழி கண்டாள். தெருவின் முதல் வீடு அவளுடையது. வண்டி புறப்படுவதைக் கண்டதும் பக்கத்து வீட்டைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பாள்.

"அம்சா வந்துட்டா...!"

பக்கத்து வீடு அதை வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும். அது அதற்கடுத்த வீட்டுக்கு. வண்டி மெல்ல வரும். அதன் முன்னால் குரல் ஓடும். யார் குரல் எந்த வீட்டில் மாறுகிறது என்பது அம்சவள்ளிக்கு மனப்பாடமாயிற்று. கட்டைக் குரல், கீச்சுக் குரல், பல் தேய்த்தபடி வரும் நுரைக் குரல். தெருவின் கடைசி வீடு பாப்பாத்தியுடையது. அங்கே குரல் நின்றுவிடும். பிள்ளையார் கோயிலைத் தாண்டி அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஊர்த் தெருவின் மௌனத்துக்குள் வண்டி நுழையும். அந்தத் தெரு முடிகிற வரைக்கும் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களும் பேச மாட்டார்கள்.

மாசி பிறந்த பிறகு ஒருநாள் மினி பஸ் வரவில்லை. பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்து வீட்டு லீலாவதி அம்மாள் கையில் பையோடு தெருவில் நின்றிருந்தார். ஊர்த் தெருவின் முதல் வீடு அவருடையது. வீட்டுக்காரர் இறந்துவிட்டார், தமிழழகன் அவருடைய கொழுந்தன். அம்சவள்ளி நிறுத்தினாள். லீலாவதி கொஞ்சம் யோசித்தார். பிறகு ஏறினார்.

எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள், தேவைக்கு அதிகமாகவே. லீலாவதி அதைக் கவனித்தார். "ஏன் இம்புட்டுத் தூரம் போறீங்க, நான் என்ன யானையா?" என்றார். குஞ்சம்மாள் கொஞ்சம் கிட்டே வந்தாள்.

"எங்கம்மா போறீங்க?" என்றாள் அம்சவள்ளி.

"ஜெயங்கொண்டம். முட்டிக்குக் கரண்டு வச்சுக்க. வலி கொறையும்னு டாக்டரு வரச் சொல்லியிருக்காரு."

"முட்டியும் கரண்டு, வண்டியும் கரண்டு," என்றாள் குஞ்சம்மாள். "போற வழியிலயே அம்சா ஒயரை வச்சுவுட்டுடுவா. ஆசுபத்திரி எதுக்கு?"

லீலாவதி சிரித்துவிட்டார். பாதி வழியில், யாரும் கேட்காமலேயே, மெதுவான குரலில் சொல்லத் தொடங்கினார். மகன் சென்னைக்கு வந்துவிடச் சொல்கிறான். வீட்டைப் பூட்டிவிட்டு வரச் சொல்கிறான். முட்டி வலி என்று தெரிந்தால் நாளைக்கே காரோடு வந்து நிற்பான். அதனால் வலியை அவனிடம் சொல்வதில்லை. கொழுந்தனிடமும் சொல்வதில்லை, சொன்னால் மகனுக்குப் போய்விடும். "ஒங்ககிட்டதான் சொல்றேன்," என்று முடித்தவர், தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல் திகைத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாப்பாத்தி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். லீலாவதி வாங்கிக் குடித்தார்.

அவர் அடுத்த முறை மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாளில் வண்டி ஊர்த் தெருவைக் கடந்து போய்விட்டது. சாயங்காலம் திரும்பும்போது லீலாவதி வழியை மறித்து நின்றார்.

"காலைல வாசல் கதவுக்குப் பின்னாடியேதான் நின்னேன். நீ போனதே தெரியல. மினி பஸ்ஸு படிக்கட்டுல காலத் தூக்கி வக்க முடியுதா எனக்கு? ஒரு ஆரன் அடிச்சா என்ன?"

"ஒங்க கொழுந்தனாருதாம்மா அடிக்க வேண்டாம்னாரு."

லீலாவதி கொழுந்தன் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

ஆக, ஒருத்தருக்கேனும் அது சாக்கு இல்லை, உண்மை. அம்சவள்ளிக்கு அது ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் ஊரில் காப்புக் கட்டு. அன்று ராத்திரி சாப்பிடும்போது வீரமணி, உடையார்பாளையம் பட்டறையில் செயின் புல்லி கேட்டிருப்பதாகவும், காலையில் போய் வாங்கி வரப்போவதாகவும் சொன்னான். எஞ்சினைத் தூக்கி வைக்க அது வேண்டும். அவள் தட்டைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

காலையில் பனி முந்திரிக் காட்டின் மேல் படுத்திருந்தது. வீரமணி பைக்கில் முன்னாலேயே கிளம்பிவிட்டான். காப்புக் கட்டு சாயங்காலம்தான் என்பதால் எல்லோருக்கும் டவுனில் கடைசி வேலைகள் இருந்தன. அம்சவள்ளி வண்டியை எடுத்தாள். எப்போதும் போலக் குஞ்சம்மாள் குரல் கொடுத்தாள்.

"அம்சா வந்துட்டா...!"

கட்டைக் குரல் வாங்கியது. கீச்சுக் குரல் வாங்கியது. நுரைக் குரல் வாங்கியது. பாப்பாத்தி வாசலில் நின்று கடைசிக் குரலைக் கொடுத்துவிட்டு ஏறினாள். அம்சவள்ளி கண்ணாடியை ஏற்றப் போனாள். ஊர்த் தெருவின் மௌனத்தை அடைத்த கண்ணாடிக்குள் இருந்து கேட்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

"அம்சா வந்துட்டா...!"

கோயிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பழக்கமில்லாத குரல். முதல் எழுத்திலேயே இடறி, பிறகு ஏறிய குரல். லீலாவதி அம்மாள் வாசலில் ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வீட்டைப் பார்த்து நின்றிருந்தார். அடுத்த வீட்டிலிருந்து பதில் இல்லை. லீலாவதி விடவில்லை.

"ஏ ஜெயசுதா! டவுனுக்குப் போவணும்னியே. அம்சா வந்துட்டாங்கறேன், காது இருக்கா இல்லையா?"

ஈரத் தலையோடு ஒரு பெண் வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள், லீலாவதியைப் பார்த்தாள். பிறகு, விளையாட்டில் சேர்த்துக்கொள்ளப்பட்ட குழந்தை மாதிரி முகம் மாறி, அடுத்த வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"யக்கா...! அம்சா வந்துட்டா...!"

தமிழழகன் வாயில் பிரஷ்ஷோடு வாசலுக்கு வந்தார். "என்ன அண்ணி இது, காலங்காத்தால கூப்பாடு?"

"ஆரன் அடிக்கக் கூடாதுன்னீங்க தம்பி. அவ அடிக்கல. நாங்க வாயால கூப்புடுறோம். அதுக்கும் கோயில்ல ஏதாவது சட்டம் இருக்கா?"

தமிழழகன் பதில் சொல்ல வேண்டுமானால் துப்ப வேண்டும். துப்புவதற்குள் குரல் அவர் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. அது அவர் வீட்டுக்குள்ளிருந்தே வாங்கப்பட்டது. யார் குரல் என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

தெரு முனைக்கு வருவதற்குள் வண்டியில் இடமில்லை. மடியில் கூடை, கூடை மேல் பை. யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. கடைசியாக ஏறியவள் நின்றுகொண்டாள். அம்சவள்ளி ஆக்சிலேட்டரை மிதித்தாள். இத்தனை பாரத்தை அந்த மோட்டார் தூக்கியதே இல்லை. சமதரையில் முனகாமல் போயிற்று. காட்டு ஓடையில் இறங்கி மறுபக்க மேட்டில் ஏறும்போது வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. ஒரு ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்து, அதுவும் இல்லாமல் நின்றது.

அம்சவள்ளி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவாள்.

"பாரம் தாங்கல போலருக்கு," என்றாள் குஞ்சம்மாள் சாதாரணமாக. "எறங்குங்கடி. மேட்டுக்கு அந்தாண்ட ஏறிக்கலாம். அம்மா, நீங்க உக்காருங்க. முட்டி."

"எனக்கு மட்டும் என்னவாம்? மெல்ல நடப்பேன்," என்று லீலாவதியும் இறங்கினார்.

பாரம் இறங்கியதும் வண்டி நகர்ந்தது. பெண்கள் அதன் இரண்டு பக்கமும் நடந்தார்கள். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். லீலாவதி ஒரு கையை ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டார். மறு கையைக் குஞ்சம்மாள் பிடித்துக்கொண்டாள். பனியில் இடுப்புக்குக் கீழே யாருக்கும் கால் தெரியவில்லை. வெள்ளை நீரோட்டம் ஒன்று எல்லோரையும் சேர்த்து மேலே தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது.

மேட்டின் உச்சியில் வீரமணி பைக்கை நிறுத்திவிட்டு நின்றிருந்தான். பின் சீட்டில் செயின் புல்லி கட்டியிருந்தது. காலி வண்டியையும் பக்கத்தில் நடந்து வரும் கூட்டத்தையும் பார்த்தவனுக்கு ஒன்றுதான் தோன்றியிருக்கும்.

"நின்னு போச்சா?" என்றான். குரலில் வெற்றி இல்லை. அவனுக்கே அது பிடிக்காதது போல இருந்தது.

"நிக்கல," என்றாள் அம்சவள்ளி. "எடம் பத்தல. எறங்கி நடக்குறாங்க."

வீரமணி கூட்டத்தைப் பார்த்தான். ஊர்த் தெருப் பெண்களை ஒவ்வொருத்தராக அடையாளம் கண்டுகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்னா வீரமணி, மரம் மாரி நிக்கிற?" என்றார் லீலாவதி மூச்சு வாங்கியபடி. "பின்னாடி சங்கிலி வச்சிருக்கியே, வண்டிய மேல இழுத்து வுடத்தான கொண்டாந்த?"

"அதுக்கு இல்லைங்கம்மா..."

"பின்ன எதுக்கு?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அம்சவள்ளியும் பார்த்தாள். வீரமணி செயினைப் பார்த்தான், பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, மேட்டிலிருந்து இறங்கி வண்டியின் பின்பக்கம் போனான். தோள் கொடுத்துத் தள்ளினான். அவசியமே இருக்கவில்லை, காலி வண்டி தானாகவே ஏறிக்கொண்டிருந்தது. ஆனாலும் உச்சி வரைக்கும் தள்ளினான்.

பெண்கள் மறுபடி ஏறி அடைந்துகொண்டார்கள். வீரமணி ஓட்டுநர் ஜன்னல் பக்கம் வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, வண்டியின் அடியைக் குனிந்து பார்த்தான்.

"பின்னாடி சீட்டுக்குக் கீழ எடம் கெடக்கு," என்றான். "இன்னொரு பேட்டரி வைக்கலாம். மேட்டுக்குத் தாங்கும்ல?"

"பேட்டரி மட்டும் பத்தாது. மோட்டாரையும் தடிச்ச கம்பி போட்டுத் திரும்பச் சுத்தணும்."

"காப்புக் கட்டுனா வண்டி சும்மாதான நிக்கும். அந்த நாள்ல சுத்திடு."

பின்னாலிருந்து யாரோ கடைக்கு நேரமாயிற்று என்றார்கள். அம்சவள்ளி தலையாட்டினாள். வண்டி நகர்ந்தது. நகர்ந்தது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஜெயசுதா மாமியாரைப் பற்றி எதையோ மெதுவாகச் சொல்லத் தொடங்கியிருந்தாள், எல்லோரும் தலையைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.